கொடைக்கானல் வழியில் சூரியக் கரும்புள்ளிகளை வரைவது எப்படி

கொடைக்கானலில் 2343 மீட்டர் உயரத்தில் இருக்கும் வான் ஆய்வகத்தை இன்று நடத்துவது இந்திய வானியற்பியல் நிறுவனம். 1899-இல் தொடங்கிய இந்த ஆய்வகத்துக்கு முக்கிய வேலை சூரியன்தான். நூறாண்டுக்கும் மேலாக அங்கே சூரியனைப் படமெடுத்துச் சேர்த்திருக்கிறார்கள். கரும்புள்ளிகளின் மங்கலான ஓரப்பகுதியில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை வானியலாளர் ஜான் எவர்ஷெட் 1909-இல் கண்டதும் அங்கேதான். அதே சூரியனை நாம் மொட்டை மாடியிலிருந்தே பதிவு செய்யலாம்.

முதலில் ஒரு எச்சரிக்கை. தொலைநோக்கி வழியாகச் சூரியனைக் கண்ணால் பார்க்கவே கூடாது. நொடியில் பார்வை போய்விடும்; விழித்திரைக்கு வலி தெரியாது என்பதால் போனதுகூட உடனே தெரியாது. குழாயின் மேல் இருக்கும் குட்டித் தொலைநோக்கியையும் மூடிவிடுங்கள். பக்கத்தில் குழந்தைகள் இருந்தால் கருவியை விட்டு நகரவே நகராதீர்கள்.

அதனால் சூரியனின் பிம்பத்தை அட்டையில் விழவைத்து வரைவோம். சரி, தேவையானவை: 60 மி.மீ. விட்டமுள்ள லென்ஸ் தொலைநோக்கி, குறைந்த உருப்பெருக்கம் தரும் கண்லென்ஸ், வெள்ளை அட்டை, பென்சில். லென்ஸுக்குப் பதில் ஆடி (முகம் பார்க்கும் கண்ணாடி போன்றது) வைத்த பெரிய தொலைநோக்கி இதற்கு வேண்டாம், உள்ளே சூடேறிவிடும். பிளாஸ்டிக் பாகங்கள் உள்ள கண்லென்ஸும் உருகலாம்.

காலையிலேயே தொடங்குங்கள். வெயில் ஏறித் தரை சூடானால் பிம்பம் துள்ளும். குழாயின் நிழல் தரையில் எப்போது மிகச் சிறியதாகிறதோ அப்போது அது சூரியனை நோக்கியிருக்கிறது என்று பொருள். கண்லென்ஸுக்குப் பின்னால் ஒரு அடி தள்ளி அட்டையைப் பிடித்தால் ஒளிவட்டம் விழும். ஓரம் கூர்மையாகும்வரை குவியத்தைத் திருப்புங்கள். குழாயைச் சுற்றி இன்னொரு அட்டையை மாட்டி நிழல் உண்டாக்கினால் புள்ளிகள் பளிச்சென்று தெரியும்.

அப்புறம் தாளில் 15 செ.மீ. வட்டம் போட்டு, பிம்பத்தை அதில் சரியாகப் பொருத்துங்கள். நடுவே கருமை, சுற்றிலும் சாம்பல் நிறம் என இரண்டையும் பிரித்து வரையுங்கள். படம் அழகாக இருக்கிறதா என்பதெல்லாம் முக்கியமில்லை, புள்ளி இருக்கும் இடம்தான் முக்கியம்.

பலர் விட்டுவிடுவது திசையை. தொலைநோக்கியை அசைக்காமல் விடுங்கள்; பிம்பம் நகரும் பக்கம் மேற்கு. அதை அம்புக்குறியாகப் போட்டு, தேதியும் நேரமும் எழுதுங்கள். இவை இல்லாத படத்தை நாளைய படத்தோடு ஒப்பிட முடியாது.

மறுநாள் அதே நேரத்தில் வரைந்தால் புள்ளிகள் மேற்கே நகர்ந்திருக்கும். நமக்குச் சூரியன் ஒருமுறை சுழல்வதாகத் தெரிவது சுமார் 27 நாளில். ஒரு புள்ளியும் இல்லையென்றால் வெறும் வட்டத்துக்கே தேதி போடுங்கள். கரும்புள்ளிகள் கூடிக் குறையும் ஏறத்தாழ 11 ஆண்டுச் சுழற்சியின் தாழ்நிலையில் பல நாள் அப்படித்தான் இருக்கும்.