மலைப்புல்லுக்குத் தீ வைக்கும் முறை

மூணாறு, போடிமெட்டு, குரங்கணிப் பக்கம் புல்லில் தீ என்றாலே மார்ச் மாதம்தான் நினைவுக்கு வரும். வைக்கக் கூடாத மாதமும் அதுதான். அப்போது வேர்வரை காய்ந்திருக்கும். தீ மலைமடிப்பில் நிற்கும் சோலைக்காட்டுக்குள்ளும் ஏறிவிடும். 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் மலையேறியவர்களை வளைத்தது மார்ச் தீ. டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி பாதி வரை மேல்புல் காய்ந்திருக்கும், அடிமண் ஈரமாக இருக்கும். தாள் எரியும், குருத்து பிழைக்கும். சில வாரத்தில் துளிர் வரும். இரவிகுளம் தேசியப் பூங்காவில் குட்டி போட்ட வரையாட்டுக்கு அதுதான் தீனி.

வனத்துறை முன்நின்று நடத்தும் வேலை இது. சரணாலயத்தில் தனியாள் தீ வைப்பதை 1972 வன உயிரினச் சட்டத்தின் 30-ஆம் பிரிவு தடுக்கிறது.

சரிவு முழுவதையும் எரிக்காதீர்கள். ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்கு போதும், அதுவும் துண்டு துண்டாக. நெட்டைக்காலிக் குருவி கூடு கட்டுவதும் பூச்சிகள் ஒதுங்குவதும் பழைய புல்தூரில்தான். குறிஞ்சிச் செடி நிற்கும் இடத்தை விட்டுவிடுங்கள். 2018-இல் பூத்தது அடுத்து 2030-இல்தான் பூக்கும்.

புல் இடுப்பளவு என்றால் துண்டைச் சுற்றி 5 மீட்டர் அகலத்துக்குத் தீத்தடுப்புக் கோடு வேண்டும். சரிவில் மண்வெட்டி போடாதீர்கள், முதல் மழையிலேயே மண் ஓடிவிடும். அரிவாளால் ஒட்ட அறுத்து, சருகைக் கூட்டித் தள்ளினால் போதும். சோலையோரம் கோடு இன்னும் அகலமாக இருக்கட்டும்.

ஒரு ஹெக்டேர் துண்டுக்கு எட்டுப் பேராவது வேண்டும்: தீ வைக்க இருவர், பச்சைக் குழையோடு நால்வர், மருந்தடிக்கும் 16 லிட்டர் தோள்பம்பில் தண்ணீரோடு இருவர். உடம்பில் பருத்தித் துணிதான். நைலான் உருகித் தோலோடு ஒட்டும்.

பனி உலர்ந்ததும், பத்து மணிவாக்கில், மூலையில் ஒரு பிடி புல்லைக் கொளுத்திப் பாருங்கள். சுடர் சட்டென்று ஆளுயரம் எழுந்தால் அன்றைக்கு வேலை இல்லை. நிதானமாக எரிந்தால் மேட்டு விளிம்பில் தொடங்குங்கள். தீ சரிவில் மெல்ல இறங்கும், ஏறும்போதுதான் பாயும். மேலே ஒரு கறுப்புப் பட்டை விழுந்தபின், அதற்கு 3 மீட்டர் கீழே அடுத்த வரிசை. அந்தத் தீ மேலேறிக் கறுப்பில் முட்டி அணையும். இப்படியே வரிசை வரிசையாக இறங்குங்கள். தீக்கு மேலே எரியாத புல்லில் யாரும் நிற்கக் கூடாது. ஓட நேர்ந்தால் கறுத்த நிலத்துக்குத்தான் ஓட வேண்டும். குழையை ஓங்கி அடித்தால் பொறி பறக்கும். அழுத்தி, கறுப்புப் பக்கமாக இழுங்கள். பள்ளத்திலிருந்து மேலேறும் காற்று வலுக்கும் முன், இரண்டு மணிக்குள் முடித்துவிடுங்கள்.

அணைந்துவிட்டது என்று நம்பி இறங்குவதுதான் பெரிய தப்பு. யானை லத்தி, காட்டுமாட்டுச் சாணி, சீகை (வாட்டில்) மரக் கட்டை மூன்றும் உள்ளுக்குள் இரவெல்லாம் கனலும். புறங்கையை அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள். சூடு தெரிந்தால் உடைத்து நீர் ஊற்றுங்கள். மறுநாள் காலையிலும் ஒரு சுற்று வர வேண்டும்.

சீகை நிற்கும் சரிவு தனிக்கதை. அதன் கெட்டி விதை சூட்டில் வெடித்து, மழைக்குக் கும்பலாக முளைக்கும். ஈரமண்ணில் நாற்றை வேரோடு பிடுங்க ஆள் கிடைக்காத ஆண்டில் அந்தச் சரிவில் தீக்குச்சியே கிழிக்காதீர்கள்.