பைனாகுலர் வாங்கும்போது காசைக் கரியாக்கும் தவறுகள்

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் பெர்ஹிலித்தான் (மலேசிய வனவிலங்குத் துறை) லைசன்ஸோடு காட்டுப்பன்றி வேட்டைக்குப் போகிற தம்பிமார், ஞாயிற்றுக்கிழமை இருவாட்சி பார்க்கக் கிளம்புகிறவர்கள், எல்லாரும் புது பைனாகுலரை என்னிடம் கொண்டுவந்து காட்டுவார்கள். பாதிப் பேர் வாங்கியதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. பட்டை, நிறம் இதையெல்லாம் விடுங்கள், காசு போகிற இடங்களை மட்டும் சொல்கிறேன்.

பெரிய எண்ணுக்கு மயங்குவது

8×42 என்றால் 8 மடங்கு பெரிதாகத் தெரியும், முன் கண்ணாடி 42 மி.மீ. அகலம். 42ஐ 8ஆல் வகுத்தால் 5.25, கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டம் அத்தனை மி.மீ. 12×25இல் அது 2 மி.மீ. சொச்சம்தான். பகலில் பரவாயில்லை. ஆனால் பன்றி உதிர்ந்த செம்பனைப் பழம் தின்ன வருவது பொழுது சாய்ந்து, மட்டைக்கு அடியில் இருட்டு கட்டிய பிறகுதானே, அந்நேரம் 12×25ஐ வைத்துக்கொண்டு கறுப்புக்குள் கறுப்பைத் தேட வேண்டியதுதான். கை நடுக்கமும் 12 மடங்காகத் தெரியும்.

“தண்ணி பட்டா ஒண்ணும் ஆகாது” என்பதை நம்புவது

இதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். வாட்டர் ரெசிஸ்டென்ட் என்று போட்டிருந்தால் தூறல் தாங்கும், அவ்வளவுதான். நமக்கு வேண்டியது ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையம் போட்டு அடைத்து, உள்ளே நைட்ரஜன் நிரப்பியது. நம் ஊர் ஈரக்காற்று உள்ளே போய்விட்டால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். பக்கத்துத் தீம்பார் தம்பி ஒருவர், “அண்ணே, புகை மூட்டமா தெரியுது” என்று வந்தார். சட்டை நுனியால் வெளிக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துக் கோடு வேறு போட்டிருந்தார். முன்பக்கம் கைப்பேசி டார்ச்சை அடித்து எதிர்ப்பக்கம் பார்த்தேன்: உள்ளே இருக்கும் பிரிசத்தின் (பட்டகக் கண்ணாடி) மேல் சிலந்தி நூல் மாதிரி வெள்ளை இழைகள். மழையில் நனைந்ததை அப்படியே உறையில் போட்டு அலமாரி மேல் மாதக்கணக்கில் வைத்திருக்கிறார். பழுது பார்க்கக் கேட்ட கூலி ஏறக்குறைய புதுசின் விலை. திறந்தால் இரண்டு குழலையும் மறுபடி ஒரே நேராக்க வேண்டும், கொஞ்சம் பிசகினாலும் தலைவலி. பூஞ்சை விடும் அமிலம் மேற்பூச்சை அரித்துவிட்டால், துடைத்தாலும் தடம் போகாது.

அடைத்த மாடலானாலும் வெளிக்கண்ணாடியில் பூஞ்சை வரும். காயவைத்து, காற்றுப் புகாத டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ஜெல் நிறம் மாறியதும் மாற்றுங்கள். பழையது வாங்குகிறவர்கள் அந்த டார்ச் சோதனையைக் காசு கொடுப்பதற்கு முன்பே செய்யுங்கள்.

சிவப்புப் பூச்சுக் கண்ணாடி

ஸ்டைல்தான். வேண்டாம்.

மலிவு ஜூம் மாடல்

வேண்டவே வேண்டாம்.

மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சோதிப்பது

போட்டுக்கொண்டே பாருங்கள். ஐ ரிலீஃப், அதாவது முழுக் காட்சியும் தெரியக் கண்ணை எவ்வளவு தள்ளி வைக்கலாம் என்கிற தூரம், 15 மி.மீ.க்குக் குறைந்தால் காட்சியின் ஓரம் வெட்டுப்படும்.

வலது கண் வளையத்தைத் தொடாமலே இருப்பது

முதலில் இடது கண்ணால் மட்டும் பார்த்து நடு உருளையைத் திருப்புங்கள், அப்புறம் வலது கண்ணால் மட்டும் பார்த்து, அந்தக் கண் வைக்கும் இடத்தில் இருக்கும் வளையத்தைத் திருப்புங்கள். ஒரு தடவை சரி செய்தால் போதும், பிறகு நடு உருளை மட்டுமே. இது தெரியாமல், நல்ல பைனாகுலரை “படம் கலங்குது” என்று பாதி விலைக்குத் தள்ளிவிட்டவர்கள் உண்டு. நான் இப்போது வைத்திருப்பது அப்படி வந்ததுதான்.