புக்கிங் என்றாலே முன்பதிவுதானா?

டிக்கெட், ரூம், டாக்சி என்று எதற்கும் புக்கிங் என்றே சொல்லிப் பழகிவிட்டதால், 'புக்' என்று எங்கே பார்த்தாலும் முன்பதிவு என்றே படித்துவிடுகிறோம். ஆனால் இந்த வினைச்சொல்லின் அடிப்படை ஏட்டில் எழுதுவது, அவ்வளவுதான். யாருடைய ஏடு என்பதைப் பொறுத்துப் பொருள் மாறும்.

கால்பந்துச் செய்தியில் ஒரு வீரர் 'புக்ட்' என்று வந்தால், நடுவர் அவரை எச்சரித்து, மஞ்சள் அட்டை காட்டி, குறிப்பேட்டில் பெயரை எழுதிக்கொண்டார் என்று அர்த்தம். அட்டை முதலில் வந்தது 1970 உலகக் கோப்பையில். பெயர் எழுதுவது அதற்கும் முந்தைய வழக்கம் என்பதால் சொல் அப்படியே நின்றுவிட்டது.

போலீஸ் செய்திகளில்தான் பெரிய குழப்பம். இந்திய ஆங்கிலத்தில் ஒருவர் 'புக்ட்' என்றால் அவர் மேல் வழக்குப் பதிவாகியிருக்கிறது, கைது ஆகியிருக்கலாம், ஆகாமலும் இருக்கலாம். அமெரிக்காவில் அதே சொல், பெரும்பாலும் கைதுக்குப் பிறகு பெயர் விவரம், புகைப்படம், கைரேகை எல்லாம் பதியும் நடைமுறையைக் குறிக்கும். இது தெரியாமல் இந்தியச் செய்தியில் வரும் 'புக்ட்' எல்லாவற்றையும் 'கைது' என்று மொழிபெயர்த்தால், கைதே ஆகாத ஒருவரைச் சிறையில் தள்ளிவிடுகிறோம்.

கம்பெனிக் கணக்கில் 'புக்கிங்ஸ்' என்பதை வருமானம் என்று நினைக்காதீர்கள். மூன்று வருட ஒப்பந்தம் கையெழுத்தானால் பொதுவாக முழுத்தொகையும் புக்கிங்ஸில் வந்துவிடும், ஆனால் வருமானமாக ஏறுவது சேவையைக் கொடுக்கக் கொடுக்கத்தான்.

சரி, முன்பதிவுக்கே வருவோம். 'ஐ புக்ட் ஃபார் எ ரூம்' என்று எழுத வேண்டாம், 'ஐ புக்ட் எ ரூம்' போதும். 'ஃபார்' வருவது ஆள் கணக்குக்கோ நாளுக்கோ: 'எ டேபிள் ஃபார் ஃபோர்'. அப்புறம், 'புக் எ டாக்டர்' என்றால் டாக்டரையே நிகழ்ச்சிக்கு வரவழைப்பது போல ஒலிக்கும். பாடகரை அப்படி புக் செய்யலாம், டாக்டரிடம் 'அப்பாயின்ட்மென்ட்'டைத்தான் புக் செய்ய வேண்டும்.

புக்கிங்குக்குப் பதில் 'ரிசர்வேஷன்' போடுபவர்கள் (அமெரிக்கர்களுக்கு அதுதான் பழக்கம்) பின்னால் வரும் குட்டிச் சொல்லைக் கவனிக்க வேண்டும். 'ஐ ஹேவ் எ ரிசர்வேஷன் அட் தி ஹோட்டல்' என்றால் இடம் பிடித்தாயிற்று. 'ஐ ஹேவ் ரிசர்வேஷன்ஸ் அபௌட் தி ஹோட்டல்' என்றால் அந்த ஹோட்டலைப் பற்றி உங்களுக்குத் தயக்கம் இருக்கிறது, அதை ஹோட்டல்காரருக்கே மெயிலில் அனுப்பினால் என்ன நினைப்பார்!

இன்னொன்று, 'டபுள் புக்கிங்' வேறு, 'ஓவர் புக்கிங்' வேறு. ஒரே சீட்டை இரண்டு பேருக்குக் கொடுத்துவிடுவது முதலாவது, பெரும்பாலும் கவனக்குறைவு. சிலர் எப்படியும் வரமாட்டார்கள் என்று கணக்குப் போட்டு, இருக்கிற சீட்டைவிட அதிகமாக விமான நிறுவனங்கள் விற்கின்றனவே, அது இரண்டாவது, தெரிந்தே செய்வது.