பழைய புத்தகம் விற்கத் தொடங்குவது எப்படி? ராமநாதபுரம் கடலோரத்தில் நான் கற்ற செய்முறை

ரயில்வேயில் டிக்கெட் கவுன்ட்டரில் முப்பத்தைந்து வருடம் உட்கார்ந்தவன் நான். ராத்திரி வண்டி போனால் விடியற்காலை வண்டி வரும்வரை வேலை ஒன்றும் இருக்காது. அப்படித் தொற்றிய வாசிப்பு, ஓய்வுபெறும்போது நாலாயிரத்துச் சொச்சம் புத்தகமாக வீட்டை அடைத்துக்கொண்டிருந்தது. "இந்த வீட்டுல மனுஷங்க இருக்கறதா, புத்தகம் இருக்கறதா, ஒண்ணு முடிவு பண்ணுங்க" என்றார் வீட்டுக்காரம்மா. முடிவு பண்ணினேன்.

ஆயுள் முழுக்கப் படித்துச் சேர்த்தவர்கள், அதையே சிறு தொழிலாக்க நினைத்தால் எங்கே தொடங்குவது என்பதை இங்கே வரிசையாகச் சொல்கிறேன். கடை, வாடகை, பெயர்ப்பலகை எதுவும் இப்போதைக்கு வேண்டாம். ஒரு மேசை, ஒரு பூதக்கண்ணாடி, கனமான நோட்டு ஒன்று, படம் எடுக்கக் கைபேசி. இவ்வளவு போதும்.

படி 1: அலமாரியை மூன்றாகப் பிரியுங்கள்

எந்த விலைக்கும் கொடுக்க மாட்டேன் என்பவை ஒரு குவியல். இரண்டு பிரதி உள்ளவை இன்னொன்று. ஆசைப்பட்டு வாங்கித் திறக்காமலே வைத்தவை மூன்றாவது. வியாபாரம் இரண்டாவதிலும் மூன்றாவதிலும் தொடங்கட்டும். முதல் குவியலை வேறு அறைக்குக் கொண்டுபோய்விடுங்கள். நான் அதைச் செய்யவில்லை. பரமக்குடியிலிருந்து பஸ் ஏறி வந்த ஒருவர், கண்ணுக்கு எதிரே இருந்த ஒரு நூலைக் கேட்டார். "அது விற்பதற்கில்லை" என்றேன். அதற்கப்புறம் அவர் வரவேயில்லை.

படி 2: புத்தகத்தின் வயதைப் படிக்கப் பழகுங்கள்

வாசகன் கதையைப் படிக்கிறான். பழம்புத்தக வியாபாரி முகப்புப் பக்கத்தைப் படிக்க வேண்டும். நாற்பது வருடம் படித்திருந்தும் இது எனக்குப் புதுப் பாடமாகத்தான் இருந்தது.

19-ஆம் நூற்றாண்டு நூல்கள் பலவற்றில் வருடம் தமிழ் எண்ணில், 'கஅஅஎ' என்பதுபோல் இருக்கும். யாரோ எழுத்துக் கோத்து விளையாடியதாக நினைக்காதீர்கள். க ஒன்று, அ எட்டு, எ ஏழு, ஆக 1887. சிலவற்றில் ஆங்கில ஆண்டே இருக்காது, 'தாது வருஷம்' என்று மட்டும் இருக்கும். தமிழ் ஆண்டுகள் அறுபது வருடத்துக்கு ஒருமுறை திரும்பி வருபவை. பஞ்சத்துக்குப் பேர்போன தாது 1876-77. அடுத்த தாது 1936-37. அதற்கடுத்தது 1996-97. எந்தத் தாது என்று எப்படித் தெரிந்துகொள்வது? விலை ஓரளவு வழிகாட்டும். அணாவில் இருந்தால் 1957-க்கு முந்தியது, ஏனென்றால் அந்த ஆண்டு ஏப்ரல் 1-ஆம் தேதிதான் நயா பைசா வந்தது. 'நயா பைசா' என்றே அச்சிட்டிருந்தால் பெரும்பாலும் 1957-க்கும் 1964-க்கும் நடுவில். 'சதம்' என்றிருந்தால் புத்தகம் இலங்கை அச்சு. நம் கரையில் அது நிறையக் கிடைக்கும்.

அடுத்து எழுத்து. லை, னை, ணை ஆகியவை யானைத் துதிக்கை போன்ற பழைய வடிவத்தில் இருந்தால், பெரும்பாலும் 1978-இல் அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவருவதற்கு முந்தியது என்று கொள்ளலாம். ஆனால் இதைத் திருப்பிப் போட்டு, புது எழுத்து என்றால் 1978-க்குப் பிந்தியது என்று முடிவுகட்டாதீர்கள். பெரியார் தம் பத்திரிகையில் 1935-லேயே புது எழுத்துக்கு மாறிவிட்டார்.

அச்சகத்தின் பெயரும் ஊரும் நூலில் இருக்க வேண்டும் என்று 1867-ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. அதனால் அதற்குப் பிந்திய நூலில் அந்த வரி இல்லையென்றால், பெரும்பாலும் அந்தத் தாளே கிழிந்து போயிருக்கும். பக்கங்களை எண்ணிப் பாருங்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய பொறி, மறுபதிப்பு. உ.வே.சாமிநாதையர் பதிப்பித்த சிலப்பதிகாரத்தின் முதற்பதிப்பு 1892. பின்னால் வந்த பதிப்புகளிலும் 'முதற்பதிப்பின் முகவுரை' அப்படியே அச்சாகியிருக்கும். நான் முகவுரையின் அடியைப் பார்த்துவிட்டு, பொக்கிஷம் சிக்கியது என்று இரண்டு நாள் தூங்காமல் இருந்தேன். மூன்றாம் நாள்தான் முகப்புப் பக்கத்தை நிதானமாகப் பார்த்தேன். மூன்றாம் பதிப்பு! முகவுரையின் தேதி வேறு, புத்தகத்தின் தேதி வேறு.

கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் போனால் அரபுத் தமிழ் கிதாபுகள் வரும். தமிழ் மொழி, அரபு எழுத்து, பல கல்லச்சில் போட்டவை. கீழக்கரையில் வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்றவர்கள் எழுதியவை என்பதால் ஆராய்ச்சியாளர்கள் தேடி வருவார்கள். இவை வலமிருந்து இடம் திறப்பவை. முதன்முதலில் ஒன்று கைக்கு வந்தபோது 'முகப்புப் பக்கம் இல்லை' என்று குறிப்பெழுதிவிட்டேன். முகப்பு கடைசியில் பத்திரமாக இருந்தது! ஆண்டு ஹிஜ்ரியில், அதாவது இஸ்லாமிய ஆண்டுக் கணக்கில் இருக்கும். 0.97-ஆல் பெருக்கி 622-ஐக் கூட்டினால் ஏறத்தாழ ஆங்கில ஆண்டு வரும். ஹிஜ்ரி 1300 என்றால் 1883 பக்கம். படிக்கத் தெரியாவிட்டால் தெரிந்த ஆலிம் ஒருவரிடம் காட்டுங்கள். ஊகத்தில் எழுத வேண்டாம்.

படி 3: சரக்கு எங்கே கிடைக்கும்

காயலான் கடை, பழைய பேப்பர் கடை இரண்டிலும் உங்கள் நம்பரைக் கொடுத்து வையுங்கள். எடைக்குப் போடுவதைவிட இரண்டு மடங்கு தருவேன் என்று சொன்னால் எடுத்து வைப்பார்கள். ஆனால் நல்ல சரக்கு வீடுகளில்தான் இருக்கிறது. வீட்டை இடித்துக் கட்டும்போதும், பெரியவர் காலமாகிப் பிள்ளைகள் வெளியூரில் இருக்கும்போதும்தான் வெளியே வரும். துக்க வீட்டுக்குப் பதினாறு கழியும்முன் போகாதீர்கள். முஸ்லிம் வீடென்றால் நாற்பது கழியட்டும்.

நம் ஊர் வெறும் கருவாட்டு ஊர் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். ஆறுமுக நாவலரின் பதிப்புகளுக்குக் கைகொடுத்தவர் ராமநாதபுரம் பொன்னுசாமித் தேவர். அவர் மகன் பாண்டித்துரைத் தேவர்தான் 1901-இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை ஏற்படுத்தினார். அந்தச் சங்கத்தின் 'செந்தமிழ்' இதழ்கள் இந்தச் சீமையில் பழைய வீட்டுப் பரணில் இன்றும் அகப்படுகின்றன. இன்னொரு பக்கம் கொழும்புக்குக் கடை வைக்கப் போனவர்கள் கொண்டுவந்த யாழ்ப்பாண, கொழும்பு அச்சுகள். தமிழ்நாட்டில் பல ஊர் வியாபாரிகளுக்கு இந்த வசதி கிடையாது.

இதில் என் பழைய வேலை கைகொடுத்தது. புத்தகத்துக்குள் அடையாளத்துக்குச் செருகிய அட்டை டிக்கெட்டுகளை நான் வீசுவதில்லை. தனுஷ்கோடி 1964 டிசம்பர் புயலில் போய்விட்டது. அந்த ஸ்டேஷன் பேர் போட்ட டிக்கெட் உள்ளே இருந்தால், அந்தப் புத்தகம் புயலுக்கு முன்பே யார் கையிலோ பயணம் போயிருக்க வேண்டும் என்று ஊகிக்கலாம். எந்தப் பக்கத்தில் இருந்தது என்று குறித்துக்கொண்டு, அமிலமில்லாத உறையில் போட்டு அதே புத்தகத்தோடு கொடுங்கள். கல்யாண வாழ்த்து மடல், நாடக நோட்டீஸ், பழைய பஞ்சாங்கம் எல்லாவற்றையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். நூலை நாலு பேர் பத்திரப்படுத்துவார்கள், நோட்டீஸை யாரும் வைப்பதில்லை.

விலை பேசும்போது ஆளுக்கு ஏற்ற மரியாதை வேண்டும். கீழக்கரையில் ஒரு வயதான அம்மா, பெட்டி நிறைய கிதாபுகளைக் காட்டிவிட்டு, "குர்ஆனுக்கு வெலை பேசக் கூடாது தம்பி, ஹதியான்னு சொல்லு" என்று திருத்தினார். ஹதியா என்றால் அன்பளிப்பு. அன்றிலிருந்து அப்படித்தான் சொல்கிறேன். அவர் பெட்டியில் இருந்த குர்ஆன் பிரதிகளை நான் வாங்கவில்லை, பள்ளிவாசலில் சேர்த்தேன். மற்றவற்றுக்கு அவர் கேட்டதைவிடக் கூடக் கொடுத்தேன். மதிப்பு தெரியாதவரிடம் மலிவாகத் தட்டிக்கொண்டு வருவது சாமர்த்தியம் என்று சிலர் பெருமை பேசுவார்கள். சின்ன ஊரில் அது ஒரே வாரத்தில் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும்.

நூலக முத்திரை இருந்தால் நில்லுங்கள். கழிவு செய்யப்பட்டது என்ற குறிப்போ முத்திரையோ இல்லாமல் வாங்காதீர்கள்.

படி 4: ஓலைச்சுவடி வந்தால்

வியாபாரத்தை நிறுத்திவிட்டுச் சட்டத்தைப் பாருங்கள். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, வரலாற்று, இலக்கிய மதிப்புள்ள கையெழுத்துப் பிரதி 75 வயதைத் தாண்டினால் தொல்பொருள். மற்றப் பொருளுக்கு 100 வயது. தொல்பொருளை விற்க உரிமம் வேண்டும். தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவே முடியாது. நூறு வயதான அச்சு நூல்களை விற்கப் போகிறீர்கள் என்றால், தொல்லியல் துறைக்கு எழுதிக் கேட்டுப் பதிலைக் கோப்பில் வையுங்கள். சுவடி வந்தால் நான் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்துக்கோ சென்னை கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்துக்கோ கைகாட்டிவிடுகிறேன். அச்சிட்ட புத்தகத்துக்கு ஜிஎஸ்டி இல்லை என்பது ஒரு நிம்மதி.

படி 5: உப்புக்காற்றோடு மல்லுக்கட்டுவது

கடற்கரையில் புத்தகத்துக்கு முதல் எதிரி ஈரம். ஐப்பசி, கார்த்திகையில் அலமாரியைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வையுங்கள், கீழ்த்தட்டைக் காலியாக விடுங்கள். கடற்பக்கத்து ஜன்னலைச் சாயங்காலம் மூடிவிடுங்கள். ஸ்டேப்ளர் பின் இங்கே இரண்டே வருடத்தில் துருப்பிடித்துத் தாளைத் தின்றுவிடும். மெதுவாகக் கழற்றிவிட்டு நூலால் தையுங்கள்.

வெள்ளியாய் மின்னி ஓடுகிற பூச்சிக்கு நம் ஆட்கள் வைத்த பெயர் ராமபாணம். ராமர் வந்து போன சீமையில் அது அதிகம் என்று என் நண்பர் ஒருவர் கேலி செய்வார். வசம்பும் வேப்பிலையும் கொஞ்சம் தள்ளி நிறுத்தும், கொல்லாது. வேப்பிலையை நன்றாகக் காய வைக்காமல் போட்டால் அதுவே ஈரத்தைக் கொண்டுவரும். உள்ளே துளைபோட்டுத் தூள் கொட்டும் வண்டு இருந்தால், புத்தகத்தைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் கட்டி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்தபின் ஒரு நாள் முழுக்கப் பையைத் திறக்காதீர்கள், திறந்தால் தாளில் நீர் கோத்துக்கொள்ளும். ஐஸ் ஃபேக்டரியில் வைக்கலாமா என்று எனக்கும் ஒரு யோசனை வந்தது. மீன் வாடையோடு புத்தகத்தை யாருக்கு விற்பது?

செல்லோ டேப் ஒட்டவே ஒட்டாதீர்கள். பைண்டர்கள் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள். பூச்சிக்கு அது விஷம், நமக்கும்தான். குழந்தைகள் உள்ள வீட்டில் வேண்டாம். அரிய நூலைப் புது பைண்டிங் செய்யாமல் அப்படியே விற்பதுதான் நல்லது. பழைய அட்டையைக் கிழித்துவிட்டுப் பளபளவென்று காலிகோ துணி போட்டுக் கொண்டுவருவார்கள். பாதி விலை அங்கேயே போயிருக்கும்.

படி 6: குறையை முதலில் எழுதுங்கள்

வாசகனாக இருந்து வியாபாரியானவனுக்கு இதுதான் கஷ்டமான வேலை. நமக்குப் புத்தகம் பிடித்துவிட்டால் கிழிசல் கண்ணில் படாது. என் குறிப்பு இப்படி இருக்கும்: 'இரண்டாம் பதிப்பு. 312 பக்கம், 17-18 இல்லை. முதுகில் பூச்சி அரிப்பு, எழுத்தைத் தொடவில்லை. முகப்பில் ஊதா மையில் பழைய உரிமையாளர் கையெழுத்து. தாள் பழுப்பு, மடித்தால் முறியும்.' வாங்கியவர் பார்சலைப் பிரிக்கும்போது நான் எழுதியதைவிட நன்றாக இருக்கிறதே என்று நினைக்க வேண்டும். 'அரியது', 'கிடைக்காதது' என்ற சொற்களை எழுதுமுன் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்திலும், ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகப் பட்டியலிலும், இலங்கை நூல் என்றால் 'நூலகம்' என்ற இணையதளத்திலும் தேடிப் பாருங்கள்.

ரோஜா முத்தையா கோட்டையூர்க்காரர், நமக்குப் பக்கத்துச் சீமை. ஒரு தனி மனிதர் சேர்த்ததுதான் பிறகு 1994-இல் சென்னையில் அந்த நூலகத்துக்கு அடித்தளம் ஆனது. எடைக்குப் போட்டுவிடலாம் என்று சொல்லும் வீடுகளில் நான் இந்தக் கதையைச் சொல்வேன்.

படி 7: விலை

பிறர் கேட்கும் விலையைப் பார்த்து மயங்காதீர்கள், விற்ற விலையை விசாரியுங்கள். உள்ளடக்கம் மின்நூலாகக் கிடைத்தால், படிக்க மட்டும் வாங்குபவர் போய்விடுவார். மிச்சம் இருப்பவர் அந்தப் பொருளையே விரும்புபவர். அவருக்கு முதற்பதிப்பா, அட்டை இருக்கிறதா, யார் கையெழுத்து என்பதெல்லாம் முக்கியம். வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளை வெட்டி வீட்டில் பைண்டு செய்த தொகுதிகளைச் சும்மா நினைக்காதீர்கள். மணியம், கோபுலு படங்களோடு அச்சான அந்தப் பக்கங்களுக்காகவே தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். என் கணக்கு எளியது: விற்க நினைக்கும் விலையில் மூன்றில் ஒன்றுக்கு வாங்குவேன். அரிய நூல் என்றால் பாதிவரை போவேன்.

படி 8: அனுப்புவது

முதலில் பிளாஸ்டிக் தாள், அப்புறம் இரண்டு பக்கமும் புத்தகத்தைவிட ஒரு விரல் அகலமான அட்டை, அதற்குமேல் பழைய செய்தித்தாள் சுற்று. மூலைகள் நசுங்காமல் இருக்க இந்த ஒரு விரல்தான் காரணம். 2025 மே முதல் தபால் துறையில் ஞான் போஸ்ட் என்று ஒன்று இருக்கிறது. 5 கிலோவரை புத்தகம் போகும், ஆனால் எல்லா நூலும் அதில் சேராது. கவுன்ட்டரில் கேட்டுக்கொள்ளுங்கள். விலை கூடிய நூலை நான் ஸ்பீட் போஸ்ட்டில் இன்ஷூர் செய்துதான் விடுகிறேன்.

பார்சல் கட்டியதும் நோட்டை எடுங்கள். புத்தகத்தின் பெயர், எந்த ஊர் எந்தத் தெருவிலிருந்து வந்தது, என்ன விலைக்கு வாங்கியது, எங்கே போகிறது. உள்ளே டிக்கெட் இருந்தால் அதன் நம்பர், அது இருந்த பக்கம். இத்தனையும் எழுதி முடித்த பிறகுதான் நான் தபால் ஆபீசுக்குக் கிளம்புவது.