நைட்ரோபியூரன்டாயின் மாத்திரையை எப்படிச் சாப்பிட வேண்டும்?

சிறுநீர் போகும்போது எரிச்சல், போய்விட்டு வந்த உடனேயே மறுபடி முட்டுவது, இதற்காக டாக்டர் நைட்ரோபியூரன்டாயின் எழுதிக் கொடுத்திருக்கிறாரா? யூரின் கல்ச்சரும் (சிறுநீரில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) எடுக்கச் சொல்லியிருந்தால், முதல் மாத்திரையைப் போடுவதற்கு முன்பே சிறுநீரைக் கொடுத்துவிடுங்கள். மருந்து உள்ளே போய்விட்டால் கல்ச்சரில் கிருமி வளராமல் போகலாம், எந்த மருந்துக்கு அது கட்டுப்படும் என்பதும் தெரியாமலே போய்விடும்.

வெறும் வயிற்றில் போடவே கூடாது. சாப்பாட்டோடு போட்டால்தான் மருந்து உடம்பில் நன்றாகச் சேரும், குமட்டலும் குறையும். மெதுவாகக் கரையும் வகை என்றால் பெரியவர்களுக்குப் பொதுவாக 100 மி.கி., நாளுக்கு 2 வேளை, 5 நாள். சாதாரண வகையை நாளுக்கு 4 வேளை போட வேண்டியிருக்கும். அதனால் மற்றவர் சொல்லும் கணக்கை விட்டுவிட்டு உங்கள் சீட்டில் இருப்பதைப் பாருங்கள். எரிச்சல் நின்றாலும் சொன்ன நாள்வரை போடுங்கள். சிறுநீர் அடர்மஞ்சளாகவோ பழுப்பாகவோ போனால் பயப்பட வேண்டாம், அது மருந்தின் நிறம்தான். மெக்னீசியம் ட்ரைசிலிகேட் உள்ள அசிடிட்டி மருந்தை மட்டும் இதோடு சேர்க்காதீர்கள்.

இந்த மருந்து ரத்தத்திலும் சதையிலும் அதிகம் தங்காது, சிறுநீரில் போய்ச் சேர்ந்து அங்கேதான் கிருமியைக் கொல்லும். சிறுநீர்ப்பையில் இருக்கும் தொற்றுக்கு இது நல்ல மருந்தாக இருப்பதும், கிட்னிக்கு ஏறிய தொற்றுக்குப் போதாமல் போவதும் இதனால்தான். குளிர்காய்ச்சல், விலாவுக்குப் பின்னால் வலி, வாந்தி வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.

பெண்கள் பலர் குழம்பும் இடம் ஒன்று உண்டு. சிறுநீர் வெளித்தோலில் படும்போது மட்டும் எரிகிறது, கூடவே அரிப்பும் வெள்ளைப்படுதலும் இருக்கிறது என்றால் பிரச்சினை பிறப்புறுப்பில் இருக்கலாம், அங்கே இந்த மாத்திரை வேலை செய்யாது. மீன் வாடையோடு வெள்ளைப்பட்டால் பெரும்பாலும் மெட்ரோனிடசோல் தருவார்கள், திரிந்த பால் மாதிரி கட்டியாக வந்து அரித்தால் பூஞ்சைக்கான மருந்து. தயவுசெய்து போன தடவை மிஞ்சிய மாத்திரையை எடுத்துப் போடாதீர்கள், வெட்கப்படாமல் டாக்டரிடம் எல்லா அறிகுறியையும் சொல்லுங்கள்.

அப்புறம், கிட்னி பலவீனம், ஜி6பிடி குறைபாடு (ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி பிறவியிலேயே குறைவாக இருப்பது), கர்ப்பத்தின் கடைசி வாரங்கள், ஒரு மாதம்கூட ஆகாத குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுப்பது, இதில் எது இருந்தாலும் மருந்தை வாங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். மூச்சுத்திணறல், விடாத இருமல், கை கால் மரத்துப்போவது, கண் மஞ்சளாவது, இவை வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே டாக்டரைப் பாருங்கள். 2 நாள் போட்டும் எரிச்சல் குறையவில்லையா, கல்ச்சர் ரிப்போர்ட்டோடு திரும்பப் போங்கள், மருந்தை மாற்ற வேண்டியிருக்கலாம்.