பெட்டி புதிது, அச்சு பழையது: மாடல் கார் கிட் வாங்குவோர் செய்யும் தவறுகள்

சென்ற மாதம் கோத்தகிரியிலிருந்து ஒரு தம்பி குன்னூரில் என் வீட்டுக்கு வந்தார். கையில் உறை பிரிக்காத ஒரு மாடல் கார் கிட், அதாவது பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டி நாமே கட்ட வேண்டிய குட்டிக் காரின் பெட்டி. "இந்த வருடத்து வெளியீடு அண்ணா. உங்கள் முன்னால்தான் பிரிக்க வேண்டும் என்று வைத்திருந்தேன்" என்றார். பெட்டியின் பக்கவாட்டைப் பார்த்ததுமே எனக்கு வயிற்றைக் கலக்கியது. பதினைந்து வருடங்களுக்கு முன்பு நான் வாங்கி ஏமாந்த அதே கார். மேலே இருந்த ஓவியம் மட்டும் வேறு. அவர் ஆசையாகப் பிரித்தார். காரின் அடிச்சட்டமான சேசிஸின் நடுவே, பேட்டரி வைப்பதற்காக வெட்டிய நீள்சதுரப் பள்ளம் என்னைப் பார்த்துப் பல்லை இளித்தது.

அன்றிரவே இதை எழுத உட்கார்ந்தேன். பசையை அளவாகத் தடவுங்கள், பாகங்களைத் திருகிப் பிய்க்காமல் வெட்டி எடுங்கள் என்பதையெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அதைக் குறிப்புத்தாளிலேயே படம் போட்டு விளக்கியிருப்பார்கள். நான் சொல்ல வந்தது அதற்கு முந்தைய கட்டத்தை, கிட் தரமானதா என்று எடைபோடும் இடத்தில் நடக்கும் தவறுகளை. மலையில் இருக்கும் நமக்குக் கடையில் பெட்டியைத் திறந்து பார்த்து வாங்கும் வசதி கிடையாது. மேட்டுப்பாளையத்திலிருந்து பார்சல் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி வரும்போதே பணம் கைமாறிவிட்டது. திருப்பி அனுப்பும் செலவைப் பார்த்தால், வந்ததை வைத்துக்கொள்வதே மேல் என்றாகிவிடும்.

பாகங்களின் எண்ணிக்கையைத் தரம் என்று நினைப்பது

இருநூறு பாகங்கள் என்று அச்சிட்டிருந்தால் நூறு பாகம் உள்ளதைவிட இரு மடங்கு நல்லது என்று ஒரு காலத்தில் நானும் நம்பினேன். ஒரு இருக்கையை ஐந்து துண்டாகக் கொடுத்து, ஒட்டியபின் தோல் உறையின் நடுவே ஓடும் இடைவெளியை நம்மை அடைக்கச் சொல்பவர்களும் உண்டு. அதையே ஒரே துண்டாக வார்த்து, தையல் மடிப்புகூடத் தெரியும்படி கொடுப்பவர்களும் உண்டு. எண்ணிக்கையில் முன்னவர் ஜெயிக்கிறார். எஞ்சின் இல்லாமல் பானெட் மூடியே வரும் கிட்டுகளை மட்டமாக நினைப்பதும் இதே ரகம்தான். ஜப்பானின் டாமியா நிறுவனத்து 1/24 கார்களில் (நிஜக் காரின் நீளத்தில் இருபத்துநாலில் ஒரு பங்கு) பல அப்படி வருபவை. உடலும் சேசிஸும் பசையில்லாமலே 'டக்' என்று உட்காரும் சுகத்தை அவற்றில்தான் அனுபவித்திருக்கிறேன்.

புதுப் பெட்டியைப் புதுக் கிட் என்று நம்புவது

இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு இன்றும் காது சூடாகும்.

பிளாஸ்டிக் கிட் எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்தால்தான் இது விளங்கும். எஃகில் குடைந்த அச்சின் இரண்டு பாதிகளை இறுக்கிச் சேர்த்து, உருகிய பாலிஸ்டைரீனை அழுத்தத்தோடு உள்ளே செலுத்துகிறார்கள். ஆறியதும் ஸ்ப்ரூ எனப்படும் சட்டத்தில் பாகங்கள் தொங்கியபடி வெளியே வருகின்றன. பிளாஸ்டிக்குக்குப் பெரிய விலை இல்லை. அந்த எஃகு அச்சுக்குத்தான் கொள்ளைப் பணம். போட்ட முதல் திரும்பிவிட்டால், அதற்குப் பிறகு வார்க்கும் ஒவ்வொன்றும் லாபம். அதனால் எந்த நிறுவனமும் அச்சைத் தூக்கி எறிவதில்லை. பத்து வருடம் கழித்து வேறு சக்கரம், புது டெக்கால் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் படம்), புது ஓவியம் சேர்த்து மறுபடியும் கடைக்கு அனுப்புவார்கள். நிறுவனமே கைமாறினாலும் அச்சுகள் கூடவே போகும். அமெரிக்காவின் ஏஎம்டி நிறுவனத்து அச்சுகள் லெஸ்னி, எர்ட்ல் என்ற நிறுவனங்களுக்குப் போய், இன்று ரவுண்ட் 2 நிறுவனத்திடம் இருக்கின்றன. சிறு வயதில் கட்டிய அதே காரை மறுபடி கட்ட விரும்புகிறவர்களுக்காகப் பழைய ஓவியத்தோடேயே அவர்கள் வெளியிடுவதும் உண்டு. அது நேர்மையான வியாபாரம், நமக்குப் புகார் இல்லை. ஓவியத்தைப் புதிதாகப் போட்டுவிட்டு உள்ளே இருப்பதன் வயதைப் பற்றி வாயே திறக்காத பெட்டிதான் நம்மைக் கவிழ்க்கிறது.

அச்சு பழையதாக இருந்தால் என்ன குறை என்று கேட்கலாம். ஜப்பானில் இந்தத் தொழிலின் தலைநகரம் ஷிஸுவோகா. டாமியா, அவோஷிமா, ஃபுஜிமி, ஹசேகாவா எல்லாம் அந்த மாகாணத்துக்காரர்கள். நம் ஊரைப் போலவே அதுவும் தேயிலை விளையும் சீமை என்பதில் எனக்குக் காரணமில்லாத ஒரு பெருமை உண்டு. அங்கே 1970களில் செய்த கார் கிட்டுகளில் பல, அலமாரியில் வைத்துப் பார்ப்பதற்காகச் செய்தவை அல்ல. சிறுவர்கள் மோட்டார் பொருத்தித் தரையில் ஓட்டுவதற்காகச் செய்தவை. மோட்டாருக்கும் பேட்டரிக்கும் இடம் வேண்டுமே? காரின் தளத்தை மேலே தூக்கிவிட்டார்கள். தளம் உயர்ந்ததால் இருக்கைகள் பாதி உயரத்துக்குக் குறைந்தன. ஓட்டுநர் பொம்மை ஒன்றை உட்கார வைத்தால் தலை கூரைக்கு வெளியே நிற்கும். அடிப்புறத்தில் சைலன்சர் குழாய் வெறும் மேடாக, தட்டையாகப் படுத்துக் கிடக்கும். பிற்காலத்தில் மோட்டார் மோகம் ஓய்ந்தது. பெட்டியிலிருந்து மோட்டாரை மட்டும் எடுத்துவிட்டு, மீதியை அப்படியே விற்றார்கள். சிலர் பள்ளத்தை மறைக்க ஒரு தகடு கொடுத்தார்கள். சிலர் அதுவும் கொடுக்கவில்லை.

இதெல்லாம் தெரியாத காலத்தில், மூவாயிரத்துச் சொச்சம் ரூபாய் கொடுத்து, ஆறு வாரம் தபால்காரரின் முகத்தைப் பார்த்துப் பார்த்து நான் வாங்கியது அப்படிப்பட்ட ஒன்று. பெட்டியின் மேலே மழையில் சீறிப் பாயும் பந்தயக் கார். உள்ளே சோப்புக் கட்டியில் கோடு கிழித்தது போன்ற உடல். அந்த நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஆத்திரத்தில் தளத்தை அறுத்தேன். கீழே இறக்கினேன். இறக்கியதும் பின் அச்சுத்தண்டு குறுக்கே வந்தது. அதை அறுத்தேன். சக்கரங்கள் ஆளுக்கொரு திசையைப் பார்த்தன. இரண்டு மாத ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்றுவிட்டு அது பரணுக்குப் போனது.

அன்று நான் பார்க்கத் தவறியவை சில. ஸ்ப்ரூவின் படம் இல்லாமல் வாங்கவே கூடாது, அதுவும் சேசிஸின் அடிப்புறம் தெரியும் படம். அங்கே பெரும்பாலும் பொடி எழுத்தில் ஓர் ஆண்டு வார்க்கப்பட்டிருக்கும். அது அச்சின் வயதைக் காட்டிக்கொடுக்கும். ஆனால் அந்த இடத்தைச் சுரண்டி வழவழப்பாக்கியவர்களும் உண்டு என்பதால் அதை மட்டும் நம்பக் கூடாது. அடுத்து, உள் தளத்தின் ஆழம். இருக்கைகள் தரையோடு சேர்ந்தே வார்க்கப்பட்டு, ஆழமில்லாத தட்டு போல இருந்தால் விலகிவிடுங்கள். ஸ்கேல்மேட்ஸ் என்ற இணையதளத்தில் கிட்டின் எண்ணைக் கொடுத்தால், அந்த அச்சு முதலில் எப்போது வந்தது, பிறகு எந்தெந்தப் பெட்டிகளில் புகுந்து புறப்பட்டது என்று வம்சாவளியே கிடைக்கும். கல்யாணத்துக்கு விசாரிப்பது போல விசாரியுங்கள்.

பழையது எல்லாம் குப்பை என்றும் முடிவு கட்டிவிடக் கூடாது. டாமியாவின் 1/12 போர்ஷே 934 கிட் 1976இல் வந்தது. அதற்காக நிஜமான போர்ஷே 911 ஒன்றை வாங்கிப் பிரித்துப் போட்டே பார்த்தார்கள். அதே உடலை வைத்துத்தான் அந்த நிறுவனத்தின் முதல் ரேடியோ கட்டுப்பாட்டுக் காரும் அதே ஆண்டில் வந்தது. அந்தப் பழைய கிட்டைப் பிற்காலத்தில் மெல்லிய உலோகப் பாகங்கள் சேர்த்து மறுபடி வெளியிட்டார்கள். இன்றும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி வயதல்ல. அந்த அச்சை முதலில் எதற்காகக் குடைந்தார்கள், ஓட்டவா, பார்க்கவா?

இத்தனையும் கோத்தகிரித் தம்பியிடம் மூச்சு விடாமல் கொட்டித் தீர்த்தேன். அவர் சேசிஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்படியானால் இதற்கு ஒரு மோட்டார் வாங்கிப் போட்டுவிடட்டுமா அண்ணா? அதற்குத்தானே செய்திருக்கிறார்கள்?" என்றார். பதினைந்து வருடத்தில் எனக்கு இது தோன்றவே இல்லை.

அளவுகோலை எடுக்காமல் கண்ணை நம்புவது

ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் முன் பின் சக்கரங்களின் மையங்களுக்கு இடையிலான தூரம் 2,400 மில்லிமீட்டர். 1/24 கிட்டில் அது சரியாக 100 மில்லிமீட்டர் வர வேண்டும், 1/25இல் 96. எந்தக் காரானாலும் இந்தத் தூரத்தைத் தெரிந்துகொண்டு வகுத்துப் பாருங்கள். கூரை தாழ்ந்திருப்பது, மூக்கு நீண்டிருப்பது போன்றவற்றைக் கண் ஏற்றுக்கொண்டுவிடும், ஸ்கேல் ஏற்காது. ஜப்பான் கிட்டுகள் பெரும்பாலும் 1/24, அமெரிக்கக் கிட்டுகள் பெரும்பாலும் 1/25. இரண்டையும் ஒரே தட்டில் அடுக்கிவிட்டு, ஒன்று சூம்பித் தெரிகிறதே என்று கிட்டைத் திட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கதவைச் சுற்றியுள்ள கோட்டுக்கும் கணக்கு உண்டு. நிஜக் காரில் 4 மில்லிமீட்டர் இடைவெளி என்றால் 1/24இல் 0.17 மில்லிமீட்டர்கூட முழுதாக வராது. ஆகவே ஆழமாக வெட்டிய கோடு துல்லியம் என்று அர்த்தமல்ல. அதே சமயம் கோடு மேலோட்டமாக இருந்தால் இரண்டு பூச்சு வண்ணத்தில் அடைந்துபோகும். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். கோடு ஓரிடத்தில் தெளிவாக இருந்து இன்னோரிடத்தில் மங்கினால் அச்சு தேய்ந்திருக்கிறது. தடித்த பகுதிகளில் அம்மைத் தழும்பு போல் குழி இருந்தால், ஆறும்போது பிளாஸ்டிக் உள்ளிழுத்துக்கொண்டது என்று பொருள். குழி பம்பரின் பின்புறத்தில் இருந்தால் விட்டுவிடலாம். பானெட்டின் நடுவில் இருந்தால் குழி அடைக்கும் புட்டி வாங்கி வையுங்கள்.

குரோம் பளபளப்பில் மயங்குவது

அந்தக் குரோம் பூச்சை வீட்டு ப்ளீச்சில் ஊறவைத்து உரித்துவிட்டு நீங்களேதான் மறுபடி பூசப்போகிறீர்கள். அதற்கு மதிப்பெண் வேண்டாம்.

கட்டி முடித்த படத்தைப் பார்த்து வாங்குவது

அது கட்டியவரின் கைவண்ணம்.

மூடுபனியின் குற்றத்தைக் கிட்டின் தலையில் கட்டுவது

வடகிழக்குப் பருவமழை நாட்களில் குன்னூரில் துவைத்த துணியே மூன்று நாள் காயாது. அந்த ஈரத்தில் வேகமாக உலரும் லாக்கர் வண்ணத்தைத் தெளித்துவிட்டு, பிளாஸ்டிக் மட்டம், வண்ணம் பிடிக்கவில்லை என்று எனக்குத் தொலைபேசியில் புலம்புவார்கள். கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்கிறது. காற்றின் ஈரம் அதன்மேல் படிந்து பூச்சு பால் போல வெளுக்கிறது. கிட் மேல் பழி இல்லை. வெயில் அடிக்கும் நாளில் பதினொரு மணிக்கு மேல் தெளியுங்கள். மழை மாதங்களில் வேறு வேலை பாருங்கள், நான் இருக்கைகளைத் தூரிகையால் பூசிக்கொண்டிருப்பேன். டெக்கால் தாளையும் வந்த அன்றே ஜிப் உறையில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு போட்டு வையுங்கள். ஒருமுறை அலட்சியமாக விட்டதில், பாதுகாப்புத் தாளும் டெக்காலும் பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொண்டுவிட்டன.

பழைய கிட்டில் டயரைக் கேட்காமல் விடுவது

மலிவாகக் கிடைக்கிறதே என்று இன்னொருவர் வைத்திருந்த கிட்டை வாங்கும்போது எல்லோரும் பாகங்கள் முழுதாக இருக்கின்றனவா என்று மட்டும் கேட்பார்கள். மென்மையான வினைல் டயரிலிருந்து கசியும் வேதிப்பொருள் பாலிஸ்டைரீனைக் கரைக்கும். டயர் வருடக்கணக்கில் எதைத் தொட்டுக்கொண்டு கிடந்ததோ, அதில் வட்டமாக ஒரு பள்ளம் விழும். என் ராசிக்கு அது எப்போதும் முன் கண்ணாடியாகத்தான் இருக்கிறது. கண்ணாடிப் பாகம் தனி உறையில் இருக்கிறதா, டயர் வேறு உறையில் இருக்கிறதா என்று ஒரு படம் கேளுங்கள். அனுப்பத் தயங்குகிறார் என்றால் பணத்தை எடுக்காதீர்கள்.