கீவேர்ட் தேடும்போது சிறு வியாபாரிகள் எங்கே தவறுகிறார்கள்?

வெப்சைட் ஆரம்பிக்கிற பல சிறு வியாபாரிகள் கீவேர்ட் (கூகுளில் தேடுகிறவர் அடிக்கிற சொல் அல்லது சொற்றொடர்) பட்டியலை எப்படிப் போடுகிறார்கள் என்றால், தங்கள் தொழிலைத் தாங்கள் என்ன சொல்லி அழைக்கிறார்களோ அதையே எழுதிவிடுகிறார்கள். தவறு அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது. வாஷிங் மெஷின் ரிப்பேர் செய்கிறவர் முகப்புப் பக்கத்தில் "வீட்டு உபயோகச் சாதனங்களுக்கான முழுமையான பராமரிப்புச் சேவை" என்று போடுகிறார். ஆனால் மெஷினுக்குள் துணி ஊறிக் கிடக்க, தண்ணீர் இறங்காமல் நிற்கிறதே என்று பதறுகிறவர் அப்படியா தேடுவார்? "வாஷிங் மெஷின் தண்ணீர் வெளியே போகவில்லை" என்றுதான் அடிப்பார். அந்த வாக்கியம் உங்கள் தளத்தில் எங்கேயும் இல்லையென்றால், நீங்கள் எவ்வளவு நல்ல மெக்கானிக்காக இருந்தாலும் அவர் கண்ணில் படப்போவதில்லை.

அதனால் கீவேர்ட் தேடித்தரும் எந்த டூலையும் திறப்பதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். ஒரு வாரத்துக்கு, போனில் வருகிற வாடிக்கையாளர் பேசும் முதல் வாக்கியத்தை அவர் சொன்னபடியே எழுதிவையுங்கள், திருத்தாமல், அழகுபடுத்தாமல். வாட்ஸ்அப்பில் வந்த கேள்விகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காசு கொடுத்து வாங்கும் பல பட்டியல்களைவிட இது உருப்படியானது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அடுத்தது, பெரிய சொல்லின் மேல் ஆசை. "ஷூ" என்று ஒற்றைச் சொல்லைப் பிடித்துக்கொண்டு முதல் பக்கத்துக்கு வரப் பார்ப்பது வீண் முயற்சி. அங்கே பெரிய ஆன்லைன் கடைகளும் பிராண்டுகளும் முன்பே உட்கார்ந்திருக்கின்றன. அது மட்டுமில்லை, அந்த ஒரு சொல்லை அடித்தவருக்கு என்ன வேண்டும் என்று யாருக்குத் தெரியும்? வாங்க வந்தாரா, படம் பார்க்க வந்தாரா, பிய்ந்துபோன அடிப்பாகத்தை ஒட்டுவது எப்படி என்று தெரிந்துகொள்ள வந்தாரா? "அகலமான பாதத்துக்கு ஓட்டப் பயிற்சி ஷூ" என்று தேடுகிறவர் எண்ணிக்கையில் குறைவு, ஆனால் அவருக்கு என்ன வேண்டும் என்று தெளிவாகத் தெரிகிறது. டூல் இப்படிப்பட்ட சொற்றொடருக்குப் பக்கத்தில் தேடல் எண்ணிக்கை பூஜ்யம் என்று காட்டினாலும் உடனே ஒதுக்கிவிடாதீர்கள். ஒவ்வொரு நாளும் வரும் தேடல்களில் சுமார் 15 சதவீதம் அதற்கு முன் பார்த்தே இராதவை என்று கூகுளே சொல்லியிருக்கிறது.

நான் ரொம்ப அழுத்திச் சொல்ல நினைப்பது இதைத்தான்: தேர்ந்தெடுத்த கீவேர்டை நீங்களே ஒரு முறை கூகுளில் போட்டுப் பாருங்கள், உங்கள் பழைய தேடல்கள் குறுக்கே வராதபடி பிரவுசரின் இன்காக்னிட்டோ (தனிப்பட்ட) விண்டோவில். இதைச் செய்ய 2 நிமிடம்கூட ஆகாது, ஆனாலும் நிறைய பேர் செய்வதில்லை. முதல் பக்கம் முழுக்க "எப்படிச் செய்வது" வகை கட்டுரைகளும் வீடியோக்களும் வந்தால், அந்தச் சொல்லைத் தேடுகிறவர்கள் இப்போதைக்குத் தெரிந்துகொள்ளத்தான் வந்திருக்கிறார்கள் என்று அர்த்தம், அங்கே உங்கள் விலைப்பட்டியல் பக்கத்தைக் கொண்டுபோய் நிறுத்தினால் நிற்காது. அதற்கு விளக்கக் கட்டுரை ஒன்றை எழுதுங்கள். மேப்பும் பக்கத்துக் கடைகளும் வந்தால் கதை வேறு, அங்கே கூகுளில் உங்கள் பிசினஸ் புரொஃபைல் (கடையின் முகவரி, நேரம், போன் எண்ணைக் காட்டும் பக்கம்) சரியாக இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி.

டூல் காட்டும் எண்களைத் தப்பாகப் படிப்பதும் அடிக்கடி நடக்கிறது. விளம்பரம் கொடுப்பவர்களுக்காகக் கூகுள் வைத்திருக்கும் கீவேர்ட் பிளானர் என்ற டூலில் 'போட்டி' என்று ஒரு நெடுவரிசை இருக்கும். அது விளம்பரம் கொடுப்பவர்களுக்கு இடையே உள்ள போட்டி. அதில் 'குறைவு' என்று போட்டிருப்பதால் விளம்பரம் இல்லாமலே சுலபமாக மேலே வந்துவிடலாம் என்று நினைத்துவிடாதீர்கள். அதேபோல, ஒரு சொல்லின் மீதான ஆர்வம் ஏறி இறங்குவதைக் காட்டும் கூகுள் டிரெண்ட்ஸில் வரும் 100 என்பது நூறு தேடல் இல்லை, நீங்கள் எடுத்துக்கொண்ட காலத்தில் ஆர்வம் உச்சத்தில் இருந்த நேரத்தைத்தான் அது குறிக்கிறது.

மெட்டா கீவேர்ட்ஸ் டேக்கில் (பக்கத்தின் கோடில் மறைவாக இருக்கும் கீவேர்ட் வரியில்) சொற்களை அடுக்குகிற வேலை இன்னும் நடக்கிறது. ரேங்கிங்குக்கு அதைப் பார்ப்பதில்லை என்று கூகுள் 2009-லேயே அறிவித்துவிட்டது, அதற்கென்று தனியாகக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள். ஒரே சொல்லைப் பத்திக்குப் பத்தி திணிப்பதும் வேண்டாம், படிக்கிறவர் ஓடிவிடுவார்.

அப்புறம், ஒரே கீவேர்டுக்கு நாலைந்து பக்கம் எழுதுவது. நிறைய எழுதினால் நிறைய வாய்ப்பு என்று தோன்றும். நடப்பது என்னவோ, எதைக் காட்டுவது என்று கூகுளுக்குக் குழப்பம், உங்கள் பக்கங்களே ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி ஒரே பக்கத்தை இருபது நகல் போடுவது இன்னும் மோசம், கூகுளின் ஸ்பேம் விதிகளுக்கே அது எதிரானது.

ஒரு முறை பட்டியல் போட்டதோடு விட்டுவிடவும் கூடாது. தளம் வைத்திருப்பவர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோல் என்ற டூல் இலவசம்தான், 16 மாதத் தரவு வரை பார்க்கலாம், எந்தெந்தச் சொல்லுக்கு உங்கள் தளம் தேடலில் தெரிந்தது, எத்தனை பேர் கிளிக் செய்தார்கள் என்று காட்டும். நீங்கள் நினைத்தே பார்க்காத சொற்கள் அதில் இருக்கும். தேடல் முடிவுகளில் உங்கள் சராசரி இடம் 8-லிருந்து 20-க்குள் இருக்கிற சொற்களை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள், அந்தப் பக்கங்களைத் திறந்து, தேடியவர் கேட்ட கேள்விக்கு அங்கே நேரடியாகப் பதில் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் அன்றைக்கே எழுதிச் சேர்த்துவிடுங்கள்.